கிராண்ட் ஹோட்டல், நுவரெலியா

கிராண்ட் ஹோட்டல் என்பது இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா நகரில் அமைந்துள்ள பழமையான விடுதி ஆகும். பிரித்தானிய ஆளுனராக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ் 1828 ஆம் ஆண்டளவில் தமது ஓய்வு இல்லமாக இங்கே ஒரு மாளிகையைக் கட்டுவித்தார். பார்ன்ஸ் ஹோல் என்று அழைக்கப்பட்ட அம்மாளிகையே பிற்காலத்தில் விரிவாக்கப்பட்டு இவ்விடுதி ஆயிற்று. இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகையொன்றின் தோற்றத்தையும் வாழ்க்கை முறையையும் ஆசியாவின் மலை உச்சியொன்றில் பேணிவரும் விடுதிகளுள் இதுவும் ஒன்று. இவ்விடுதியின் வரலாறு கோப்பி, தேயிலை ஆகிய பெருந்தோட்டப் பயிர்களின் வரலாற்றோடும், அத்தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரின் வரலாற்றோடும் பிரிக்க முடியாதவாறு பிணைந்துள்ளது.

நாட்டுப்புற மாளிகை விடுதி

இங்கிலாந்தில் நிலவுடைமைக் குடும்பங்கள் தமது பண்ணை நிலங்களின் நடுவே பெரிய மாளிகைகளை அமைத்து வாழ்ந்தனர். அகன்ற புற்றரை, பூந்தோட்டம், நூலக அறை, பில்லியர்ட்ஸ் அறை, கணப்புடன் கூடிய வரவேற்புக்கூடம், நீண்ட உணவு மேசை, ஏராளமான பணியாளர் என்பன அவற்றின் பொது இயல்புகளாகும். இருபதாம் நூற்றாண்டில் வரிச்சுமையும் பணியாளர் பற்றாக்குறையும் மிகுந்தபோது, இம்மாளிகைகள் பலவற்றைப் பேணுவது கடினமாயிற்று. அவற்றுட் சில விடுதிகளாக மாற்றப்பட்டன. இவ்வாறான விடுதியில் தங்குபவர் ஓர் அறைக்கு மட்டுமன்றி, ஒரு செல்வக் குடும்பத்தின் விருந்தினராக இருக்கும் உணர்வுக்கும் சேர்த்தே பணம் செலுத்துகின்றார் எனலாம்.

குடியேற்ற நாடுகளின் மலை நகரங்களில் இதே வடிவம் வேறொரு காரணத்துக்காகத் தோன்றியது. சமவெளியின் வெப்பத்திலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் தப்ப விரும்பிய பிரித்தானிய அலுவலரும் தோட்டத்துரைமாரும், கப்பலேறி ஊர் திரும்பாமலேயே ஊரில் இருப்பது போன்ற ஓர் இடத்தை மலைகளில் உருவாக்கிக் கொண்டனர். சிம்லா, உதகமண்டலம், நுவரெலியா முதலிய நகரங்கள் இவ்வாறு வளர்ந்தவையே.

அமைவிடமும் காலநிலையும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. இலங்கையின் மிகவுயர்ந்த மலையான பீதுருதாலகாலை (2,524 மீட்டர்) இந்நகருக்கு அருகில் எழுந்து நிற்கின்றது. நகரின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசு ஆகும். சனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை அண்மிப்பதும், புல்வெளிகளில் உறைபனி படிவதும் உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை வடக்கே மட்டும் அமைந்துள்ள ஓரிடத்தில் இத்தகைய குளிர் நிலவுவதற்கு உயரமே காரணம். உயரம் கூடக்கூட வளி மெலிந்து குளிர்கின்றது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறைகின்றது.

விடுதி நகரின் கோல்ஃப் மைதானத்துக்கு அருகில், மரங்கள் சூழ்ந்த நிலத்தில் அமைந்துள்ளது. விக்டோரியா பூங்காவும், செங்கற்களால் கட்டப்பட்ட பழைய அஞ்சலகமும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன.

வரலாறு

ஆளுனரின் இல்லம்

கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டில் பிரித்தானியரின் ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் உள்நாட்டு மலைப்பகுதிகளை அறியும் முயற்சிகள் தொடங்கின. மருத்துவரான ஜோன் டேவி 1819 ஆம் ஆண்டில் நுவரெலியாச் சமவெளிக்கு வந்து அதனைப் பற்றி எழுதினார். 1824 முதல் 1831 வரை ஆளுனராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், வாட்டர்லூப் போரில் காயமடைந்த படைத்தலைவர் ஆவார். நுவரெலியாவை நோயுற்ற படையினர் தங்கி உடல்நலம் தேறும் இடமாக வளர்த்தவரும், அங்கே தமக்கென மாளிகை அமைத்தவரும் இவரே.

வீதி அமைப்பே பார்ன்சின் ஆட்சிக்குரிய முதன்மையான பணியாகக் கருதப்படுகின்றது. கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதி இவர் காலத்தில் அமைக்கப்பட்டது. இவ்வேலைக்கு இராசகாரியம் என்னும் பழைய கட்டாய உழைப்பு முறை பயன்படுத்தப்பட்டது. மன்னருக்குச் செய்ய வேண்டிய சேவையாக இருந்த இம்முறையைப் பிரித்தானிய அரசு தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. 1832 ஆம் ஆண்டிலேயே அது ஒழிக்கப்பட்டது. ஆகவே, மலைநாட்டைத் திறந்துவிட்ட வீதிகளின் தொடக்கத்திலேயே கூலியற்ற உழைப்பு இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கோப்பியும் தேயிலையும்

பார்ன்ஸ் கோப்பிப் பயிர்ச்செய்கையை ஊக்குவித்ததுடன் தாமே ஒரு தோட்டமும் வைத்திருந்தார். 1830 களின் பின் மலைச்சரிவுகளிலிருந்த காடுகள் விரைவாக அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. நைல் ஆற்றின் தோற்றுவாய்களைத் தேடிச் சென்று பிற்காலத்தில் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1848 இல் நுவரெலியாவில் குடியேறி ஆங்கிலேயப் பண்ணையொன்றை அமைக்க முயன்றார். இன்று இப்பகுதியில் பெருமளவில் விளையும் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு முதலிய மரக்கறிகளின் பயிர்ச்செய்கைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவராக அவர் குறிப்பிடப்படுகின்றார்.

1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் துருநோய் காணப்பட்டது. ஒருவகைப் பூஞ்சையால் உண்டான இந்நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழிலை அழித்துவிட்டது. இதற்குச் சற்று முன்னர், 1867 இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் இசுக்காட்லாந்தர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி அழிந்த நிலங்களில் தேயிலை பரவியது. நுவரெலியாவைச் சூழவுள்ள மலைகள் இன்றைய பச்சைத் தோற்றத்தைப் பெற்றது இக்காலத்திலேயே ஆகும்.

விடுதியாக மாறுதல்

தேயிலையின் வளர்ச்சியுடன் நுவரெலியாவும் வளர்ந்தது. ஆளுனர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 இல், அவர் பெயரால் வாவி ஒன்று அமைக்கப்பட்டது. தோட்டத்துரைமாரின் ஹில் கிளப் 1876 இலும், கோல்ஃப் கழகம் 1889 இலும் தோன்றின. மலைநாட்டுத் தொடருந்துப் பாதை 1885 இல் நானுஓயாவை அடைந்தபோது, முன்னர் நாட்கணக்கில் நீண்ட பயணம் ஒரு நாளுக்குள் அடங்கியது. பயணிகளின் தொகை கூடவே, தங்குமிடங்களின் தேவையும் கூடியது. பார்ன்ஸ் ஹோல் கைமாறி, 1890 களின் தொடக்கத்தில் நுவரெலியா ஹோட்டல்ஸ் கம்பனியின் கீழ் கிராண்ட் ஹோட்டலாக இயங்கத் தொடங்கியது.

கட்டடம்

இன்று காணப்படும் விடுதி ஒரே காலத்தில் கட்டப்பட்டதன்று. பல கட்டங்களில் இணைக்கப்பட்ட பகுதிகள் பார்ன்சின் மூல இல்லத்தை மூடிவிட்டன. முகப்பு இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் காலத்து மாளிகைகளைப் பின்பற்றியது. வெண்ணிறச் சுவர்களின் மேல் கரிய மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்திருப்பது இப்பாணியின் அடையாளமாகும். மூல இங்கிலாந்து வீடுகளில் இச்சட்டங்களே கட்டடத்தைத் தாங்கின. சட்டங்களுக்கு இடைப்பட்ட வெளி மண்ணாலும் சுண்ணச்சாந்தாலும் நிரப்பப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பாணி மீண்டும் எடுத்தாளப்பட்டபோது, சட்டங்கள் பெரும்பாலும் பழமையைக் குறிக்கும் அலங்காரமாகவே பயன்பட்டன.

உள்ளே மரப்பலகை பதித்த சுவர்களும், மெருகிட்ட மரத்தளங்களும், அகன்ற படிக்கட்டுகளும், கணப்பு எரியும் கூடங்களும் உள்ளன. பில்லியர்ட்ஸ் அறை பழைய வாழ்க்கை முறையின் எச்சமாக விளங்குகின்றது. முன்புறப் புற்றரையும், கத்தரித்துச் சீராக்கப்பட்ட செடிவேலிகளும், குளிர்நாட்டுப் பூஞ்செடிகளும் மாளிகையின் தோற்றத்தை நிறைவு செய்கின்றன.

விடுதியில் தங்குதல்

குளிரும் அறையும்

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து வருபவர் முதலில் உணரும் வேறுபாடு குளிர் ஆகும். சமவெளி விடுதிகளில் இன்றியமையாத மின்விசிறியும் குளிரூட்டியும் இங்கே தேவைப்படுவதில்லை; கம்பளிப் போர்வையும் சுடுநீருமே தேவைப்படுகின்றன. இரவில் படுக்கையினுள் சுடுநீர்ப் பை வைப்பது மலைநாட்டின் பழைய விடுதிகளுக்கும் துரைமாரின் பங்களாக்களுக்கும் பொதுவான வழக்கமாகும். மரத்தளங்கள் நடக்கும்போது ஒலி எழுப்புவதும், பிற்பகலில் மூடுபனி சாளரம்வரை வந்து புற்றரையை மறைத்துவிடுவதும் இவ்வாறான கட்டடங்களில் இயல்பானவை. மழைக்காலத்தில் ஈரம் மிகுதி என்பதால், தோய்த்த உடைகள் உலர நாட்கள் எடுக்கும். செல்வோர் கம்பளிச் சட்டையுடன் மாற்றுடைகளையும் கொண்டு செல்வது நன்று.

தேநீர்

பிற்பகல் தேநீர் இவ்விடுதியின் நன்கு அறியப்பட்ட வழக்கமாகும். சிறு ரொட்டித் துண்டுகளுக்கிடையே வெள்ளரிக்காயோ முட்டையோ வைத்த சான்ட்விச், ஸ்கோன் என்னும் சிறு அப்பம், பழப்பாகு, கேக் ஆகியன தேநீருடன் பரிமாறப்படுகின்றன. விடுதிகள் இதனை இன்று ஹை டீ என்று அழைக்கின்றன. இப்பெயரில் ஒரு முரண் உண்டு. இங்கிலாந்தில் ஹை டீ என்பது வேலை முடிந்து வீடு திரும்பும் உழைப்பாளர் இறைச்சி, ரொட்டி முதலியவற்றுடன் உண்ட மாலை உணவைக் குறித்தது. ஓய்வுடைய செல்வர் உண்ட சிற்றுண்டி பிற்பகல் தேநீர் என்றே வழங்கியது. காலப்போக்கில் உழைப்பாளரின் உணவுக்குரிய பெயர் செல்வரின் சிற்றுண்டிக்கு மாறிவிட்டது.

இலங்கைத் தேயிலை விளையும் உயரத்தைக் கொண்டு தாழ்நிலம், இடைநிலம், உயர்நிலம் என வகைப்படுத்தப்படுகின்றது. 600 மீட்டருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. 1,200 மீட்டருக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் நுவரெலியாத் தேயிலை மெல்லிய பொன்னிறச் சாயமும் நறுமணமும் உடையதாகக் கருதப்படுகின்றது. வளியமுக்கம் குறைவாக இருப்பதால் இங்கே நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. அதே தேயிலையைக் கடற்கரை ஊரில் ஊற்றிக் குடிப்பவருக்குச் சுவை சற்று வேறுபட்டுத் தோன்ற இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஒழுங்குகள்

நாட்டுப்புற மாளிகைகளில் இரவுணவுக்கென உடை மாற்றிக்கொள்வது கட்டாயமாக இருந்தது. நுவரெலியாவில் இவ்வழக்கத்தை மிகக் கண்டிப்பாகப் பேணியது கிராண்ட் ஹோட்டலுக்கு அருகிலுள்ள ஹில் கிளப் ஆகும். மாலை ஏழு மணிக்குப் பின் ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தே உணவுக்கூடத்துக்குள் செல்லலாம் என்பது அதன் விதி. கொண்டு வராதோருக்கு இரவலாகக் கொடுப்பதற்கென்றே கழுத்துப்பட்டிகள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. இக்கழகம் நெடுங்காலம் ஐரோப்பியர்க்கு மட்டும் உரியதாக இருந்தது. இன்று உடை விதி பயணிகளுக்கு வேடிக்கையான நினைவாகத் தோன்றினாலும், யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பதைத் தீர்மானித்த காலத்தின் எச்சம் அது என்பதை மறுக்க முடியாது.

பருவகாலம்

ஏப்ரல் மாதம் நுவரெலியாவின் வசந்தகாலம் எனப்படுகின்றது. சமவெளியில் வெப்பம் உச்சமடையும் இக்காலத்திலேயே சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் வருகின்றது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மோட்டார்ப் பந்தயம் என்பன நடைபெறும். அறைக் கட்டணம் உயர்வதுடன் இடம் கிடைப்பதும் அரிதாகும். அமைதியை விரும்புவோர் சனவரி முதல் மார்ச் வரையான காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது மழை ஒப்பீட்டளவிற் குறைவு.

பங்களாவும் லயனும்

மாளிகை விடுதியின் சாளரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சூழவுள்ள மலைநாடு இயற்கை எழில் நிறைந்த காட்சியாகத் தோன்றும். ஆனால் அக்காட்சி முழுவதும் மனிதர் உருவாக்கியது. காட்டை வெட்டியோரும், சரிவுகளில் கன்று நட்டோரும், இன்றுவரை கொழுந்து பறிப்போரும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டோரும் அவர்களின் வழித்தோன்றல்களுமே ஆவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வறுமையாலும் பஞ்சத்தாலும் உந்தப்பட்ட குடும்பங்கள் கங்காணிகள் மூலம் திரட்டப்பட்டன. அவர்கள் படகில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காடு வழியாக மாத்தளைக்கு நடந்து சென்றனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே இறந்தோர் பலர். மலையை அடைந்தோருக்கு லயன் எனப்படும் வரிசை வீடுகள் வழங்கப்பட்டன. ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறையும் ஒடுங்கிய திண்ணையும் ஒரு குடும்பத்துக்குரிய பங்காகும். லயன் காம்பரா என்று தோட்ட மக்கள் இதனைக் குறிப்பிடுவர்.

தோட்டத்தின் உயர்ந்த இடத்தில் பெரிய துரையின் பங்களா அமைந்திருந்தது. கிராண்ட் ஹோட்டலைச் சிறிய அளவில் ஒத்த இப்பங்களாக்களிலும் கணப்பும் பூந்தோட்டமும் சமையற்கார அப்புவும் இருந்தனர். கீழே லயன்களில் வாழ்ந்தோருக்கும் குளிர் அதே அளவினதே. வேறுபாடு, அங்கே கணப்பு இல்லை என்பதே. விறகடுப்பின் சூடும் கம்பளித் துண்டுமே அவர்களுக்குக் குளிர்காப்பாக இருந்தன. மலைநாட்டுக் கட்டடக்கலையைப் பயில்பவர் மாளிகையையும் லயனையும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு பகுதிகளாகக் கொள்ள வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று தோன்றியிருக்காது.

இலங்கை 1948 இல் விடுதலை பெற்றது. அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோனது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 150,000 பேர் பற்றி 1974 இல் உடன்பாடு ஏற்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பத்தைக் கேட்காமலேயே எண்கள் பங்கிடப்பட்டன. ஒரே குடும்பத்தினர் இரு நாடுகளுக்குப் பிரிந்தனர். திரும்பியோருட் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே குடியுரிமைச் சிக்கல் பெருமளவுக்குத் தீர்ந்தது.

வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே தமிழர் பெரும்பான்மையாக வாழும் ஒரே மாவட்டம் நுவரெலியா ஆகும். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக உயர்த்தும் கோரிக்கை நீண்ட போராட்டத்தின் பின் 2021 இலேயே நிறைவேறியது. மலையகத் தமிழர் வரத் தொடங்கியதன் இருநூறாவது ஆண்டு 2023 இல் நினைவுகூரப்பட்டது. முன்னோர் நடந்த வழியைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவ்வாண்டில் நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது.

ஒத்த விடுதிகள்

தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்கு வழங்கப்பட்டது. பிரித்தானியத் துரைமார் சென்றபின், அவர்களின் கட்டடங்கள் சுற்றுலாத் துறைக்குப் பயன்பட்டன.

கந்தப்பளையிலுள்ள பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. தேயிலைத் தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவது வழக்கம். காற்றோட்டத்துக்காக வரிசையாகச் சாளரங்கள் அமைந்த அம்மாடிகளே விருந்தினர் அறைகளாக மாற்றப்பட்டுள்ளன. அட்டனுக்கு அருகிலுள்ள துரை பங்களாக்கள் சில 2005 முதல் உயர்தரத் தங்குமிடங்களாக இயங்குகின்றன. லயன்களோ பெரும்பாலும் குடியிருப்புகளாகவே தொடர்கின்றன.

செல்லும் வழி

கொழும்பிலிருந்து வீதி வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டரும், கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை ஊடாக ஏறத்தாழ 80 கிலோமீட்டரும் பயணம் செய்ய வேண்டும். மிக அண்மைய தொடருந்து நிலையம் நானுஓயா ஆகும். அங்கிருந்து நுவரெலியா ஊடாக இராகலை வரை 1904 இல் அமைந்து முடிந்த குறும்பாதை 1940 களில் மூடப்பட்டுவிட்டதால், எஞ்சிய தொலைவை வாடகை வண்டியிலோ பேருந்திலோ கடக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலைநாட்டில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டு, வீதிகளும் இருப்புப்பாதையும் பல இடங்களிற் சேதமடைந்தன. ஆகவே தொடருந்தில் செல்ல விரும்புவோர் சேவை விபரத்தை முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம்.

அறை எடுத்துத் தங்க வசதியில்லாதோரும் பிற்பகல் தேநீருக்காக இவ்விடுதிக்குச் செல்லலாம். அருகிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவும் பார்வையாளரை அனுமதிக்கின்றன. மாணவர்கள் இவ்விரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது பயன் தரும். ஒரு கிண்ணத் தேநீர், கொழுந்துக் கூடையிலிருந்து விடுதியின் மேசைக்கு வந்து சேரும் முழுப் பாதையையும் அவ்வாறே அறிந்துகொள்ள முடியும்.